நாற்பத்து மூன்றாம் இலக்க வினாக்கொத்து

காரியம் பிழையாகிப் போகத் தொடங்கியது காலை எட்டு மணி ஐம்பத்திரண்டு நிமிடத்துக்கு. நேரம் இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம், பரீட்சை மண்டப மேற்பார்வையாளர் அதைத் தன் குறிப்பில் சிவப்புப் பேனையால் எழுதி இரண்டு தரம் அடிக்கோடிட்டிருந்ததுதான். அந்த நேரத்தில் என் மகள் யதுஷி சாதாரண தரப் பரீட்சையின் விஞ்ஞானப் பாடத்துக்கு உட்கார்ந்து, கொம்பாஸ் பெட்டியைத் திறந்து, நான் வைத்துவிட்ட விபூதிப் பொட்டலத்தைப் பிரித்தாள். நானோ புளியந்தீவில் அலுவலக மேசையில் இருந்துகொண்டு, பிள்ளைக்குத் தண்ணீர்ப் போத்தல் கொடுத்தேனா இல்லையா என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். கவலைப்பட வேண்டிய விஷயத்தை நான் ஒருநாளும் சரியாகத் தெரிவு செய்ததில்லை.

அந்தப் பொட்டலத்தின் கதையை எங்கள் ஒழுங்கை வினாக்கொத்துச் சேரிடமிருந்துதான் தொடங்க வேண்டும். மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும், பள்ளிக்கூடத்தில் தான் செய்த களவை வினாக்கொத்துச் சேரிடம் சொல்லாத மனிதர் ஒருவரும் இல்லை. ஒரேயொரு ஆளைத் தவிர. அந்த ஆள் நான்.

சேரின் உத்தியோகம் மழை அளப்பது. எங்கள் ஒழுங்கையில் முழங்காலளவு வெள்ளம் நிற்க, நாங்கள் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடப்போம். சேர் வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "தொண்ணூற்றியாறு தசம் நாலு மில்லிமீற்றர்" என்பார். தண்ணீர் வடிந்துவிட்டதைப் போல எங்களுக்கும் ஓர் ஆறுதல் வரும். இருபது வருடம் மழையை அளந்தவருக்கு வேறெதையாவது அளந்து பார்க்க ஆசை வந்தது. சமூகவியலில் முதுமாணிப் பட்டத்துக்குப் பதிந்தார். தலைப்பு, 'மாணவரிடையே பரீட்சை மோசடி: முறைகளும் மனநிலையும்.' நாங்கள் சொல்லும் பெயர் கொப்பியடித்தல்.

"ஏன் சேர் இந்தத் தலைப்பு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நான் சாதாரண தரத்தில கணக்குப் பாடத்த மூண்டு தரம் எடுத்தன், தங்கச்சி. மூண்டு தரமும் எனக்கு முன்னால இருந்தவன் பாஸ், பின்னால இருந்தவனும் பாஸ். நடுவில நான் மட்டும் பெயில்."

"அந்தக் கோபமா?"

"கோபமில்ல. அவங்க எப்பிடிச் செய்தாங்க எண்டு விளங்கிக்கொள்ள ஒரு விருப்பம்."

சேர் வாழ்க்கையில் ஒரு தரமும் அடுத்தவர் தாளைப் பார்த்ததில்லை. பார்க்கக்கூடாது என்ற கொள்கையை விட, பார்க்கலாம் என்ற யோசனையே அவருக்கு வரவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

இருநூறு வினாக்கொத்து அச்சடித்தார். ஒரு பக்கத் தாள். மேலே வலது மூலையில் இலக்கம். கீழே கொப்பியடிக்கும் பதினான்கு முறைகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே சரி போட ஒரு கட்டம். உள்ளங்கை, அழிறப்பர், பாவாடை மடிப்பு, கோடு போடும் அடிமட்டம், மலசலகூடம் என்று வரிசையாகப் போகும். கடைசியில் 'வேறு, விபரிக்க' என்று ஒரு கோடு. பெயர் எழுத இடமே கிடையாது. எந்த இலக்கம் யாருக்குப் போனது என்ற பதிவு ஒரு தகரப் பிஸ்கற் பேணிக்குள் இருந்தது. பேணிக்குப் பூட்டு. திறப்பு சேரின் அரைநாண் கயிற்றில்.

இப்போது படிக்கிற பிள்ளைகளிடம் அவர் போகவில்லை. "அதுகளுக்குப் பயம். படிச்சு முடிச்சவனுக்குத்தான் பயம் விட்டிருக்கும்" என்பது அவருடைய முறையியல். அதனால் பயம் விட்டவர்கள் எங்கெல்லாம் இருந்தார்களோ அங்கெல்லாம் போனார்.

காத்தான்குடியில் ஒரு துணிக்கடை ஹாஜியார். சேர் சேட்டுத் துணி வாங்கப் போனார்.

"ஹாஜியார், பரீட்சையில எப்பயாவது பார்த்து எழுதியிருக்கீங்களா?"

"பரீட்சை எழுதினாத்தானே தம்பி பார்க்கிற! நான் பள்ளிக்கூடம் போனதே ஒம்பது நாள்."

"அந்த ஒம்பது நாள்ல?"

துணி அளந்த கை நின்றது. ஹாஜியார் கடையின் இரண்டு பக்கமும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "ஒரு நாள் பக்கத்தில இருந்தவன்ட சிலேட்டப் பார்த்த. மீரான் எண்டு பேர். அவனும் பிழையாத்தான் எழுதி இருந்தான்."

சேர் ஒரு சரி போட்டார். ஹாஜியார் அரை மீற்றர் துணி கூடுதலாக வெட்டிக் கொடுத்து, யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றார். சேர் அரை மீற்றரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சொல்லமாட்டேன் என்று வாக்கை மட்டும் கொடுத்தார்.

பல் டாக்டரிடம் போனபோது இன்னும் மோசம். வாயை அகலத் திறந்து, உள்ளே விளக்கு எரிய, இயந்திரம் நெருங்கி வரும் நேரத்தில் சேர் கையைத் தூக்கி நிறுத்தினார். "டொக்டர், உங்கட இறுதிப் பரீட்சையில, அதாவது இந்தக் கடவாய்ப்பல்லுப் பகுதியில, நீங்க பார்த்து ஏதும்...?" டாக்டர் யோசித்தார். யோசித்த நேரம் கொஞ்சம் நீண்டுவிட்டது. சேர் வாயை மூடிக்கொண்டு, பல்லையும் தன்னோடே எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். ஆனாலும் தாளை டாக்டரிடம் விட்டுவிட்டுத்தான் வந்தார். அது அடுத்த வாரம் நிரம்பி வந்தது.

மரணவீட்டுக்குப் போனாலும் ஆராய்ச்சி கூடப் போகும். தேற்றாத்தீவில் ஒருவர் இறந்துபோனார். எல்லோரும் உடலைச் சுற்றி நின்று அழ, சேர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மூத்த மகனின் காதில் ஏதோ சொன்னார். ஆறுதல் சொல்கிறார் என்று நினைத்தோம். "அப்பா நூற்றிப் பதினேழ நிரப்பி வச்சிட்டுத்தானே போனவர்?" என்று கேட்டிருக்கிறார். நிரப்பித்தான் வைத்திருந்தார். பஞ்சாங்கத்துக்குள் இருந்தது. எட்டாம் நாள் சடங்கன்று மகன் கொண்டுவந்து கொடுத்தான்.

இவ்வளவு பேர் ஏன் சொன்னார்கள் என்றால், சேர் யாரிடமும் மூச்சு விடமாட்டார் என்பதால்தான். ஒருநாள் அவருடைய மனைவி, தன் தம்பி என்ன எழுதினான் என்று மட்டும் கேட்டிருக்கிறார். சேர் சொல்லவில்லை. மூன்று நாள் அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. சேர் பாணும் வாழைப்பழமும் தின்றுகொண்டு இரகசியத்தைக் காப்பாற்றினார்.

ஆராய்ச்சியில் என்ன கண்டுபிடித்தார் என்று கேட்டால், முடியவில்லை என்பார். ஆனால் ஒன்று மட்டும் ஒருதரம் வாய்தவறிச் சொன்னார். "பார்த்து எழுதின விடை எல்லாருக்கும் மறந்துபோகும், தங்கச்சி. யார்ர தாளப் பார்த்தது எண்டத மட்டும் ஒருத்தரும் மறக்கிறல்ல. எழுபது வயசு ஆளும் பேர் சொல்லுது."

எனக்குத் தெரியும். எனக்கும் மறக்கவில்லை.

என்னுடைய இலக்கம் நாற்பத்து மூன்று. சேர் தந்த அன்று பின்னேரமே நிரப்பினேன். உண்மையாகவே நிரப்பினேன். நாலாம் முறை அடிமட்டம்: சரி. ஏழாம் முறை ரிபன்: சரி. பதினோராம் முறை இருமல்: சரி. 'வேறு' என்ற கோட்டில், 'முன்னால் இருந்தவளுக்கு ஒரு மாதம் மாங்காய் கொடுத்தேன்' என்று எழுதினேன். எழுதி முடித்ததும் மனம் கழுவி விட்டதுபோல் இருந்தது. அந்த நேரம் பார்த்து, அப்போது பத்து வயதான யதுஷி உள்ளே வந்து, "அம்மா, நீங்க ஸ்கூல்ல கொப்பியடிச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள். வகுப்பில் யாரோ பிடிபட்டிருக்கிறார்களாம்.

"உன்ட அம்மா ஒரு எழுத்துக்கூடப் பார்த்து எழுதினதில்ல" என்று சொல்லி, தாளை மேசை லாச்சிக்குள் தள்ளினேன்.

அதன் பிறகு எப்படிக் கொடுப்பது? சேர் சொல்லமாட்டார். ஆனால் சேருக்குத் தெரிந்துவிடுமே. பிள்ளைக்கு முன்னால் நல்லொழுக்கம் பேசும் நான், அதே ஒழுங்கையில் அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது? தொலைந்துவிட்டது என்றேன், வேறு தாள் கேட்டேன். "நாப்பத்துமூண்டு ஒண்டுதான் இருக்க ஏலும். ரெண்டாவது அடிச்சா அது கள்ளத்தாள்" என்றுவிட்டார். மற்ற நூற்றித் தொண்ணூற்றொன்பதும் வந்து சேர்ந்தன. பல்கலைக்கழகத்தில், இருப்பதை வைத்து எழுதுங்கள், தாராளமாகப் போதும் என்றார்களாம். சேர் மறுத்துவிட்டார். தருவதாகச் சொன்ன ஓர் ஆளை இடையில் விட்டுவிட்டுப் போவது சரியில்லையாம்.

ஆறு வருடம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பின்னேரம் நாலு மணிக்கு எங்கள் படலை அசையும். "தங்கச்சி, நாப்பத்துமூண்டு?"

"தேடிப் பார்க்கிறன் சேர்."

"ஆறுதலாத் தேடுங்க. அவசரமில்ல."

அவசரப்படுத்தியிருந்தால் நான் கோபித்துக்கொண்டிருக்கலாம். அதற்கும் அந்த மனிதர் வழி விடவில்லை.

பரீட்சையன்று வருவோம். விடிய ஐந்து மணிக்குப் பிள்ளையார் கோயிலுக்குப் போய் விபூதி வாங்கி வந்தேன். மழை. மின்சாரம் இல்லை. ஒரு கையில் விபூதி, மறுகையில் நேற்றே கழுவி வைத்த தண்ணீர்ப் போத்தலை மறுபடி கழுவும் வேலை. லாச்சியை இழுத்தேன், கைக்கு வந்த தாளில் விபூதியை மடித்தேன், கொம்பாஸ் பெட்டிக்குள் வைத்தேன். "எழுதத் தொடங்க முன்னம் நெத்தியில பூசு மகள்" என்றேன். கட்டாரில் இருக்கும் என் கணவரும் தொலைபேசியில் அதையே சொன்னார். பிள்ளை சொன்னதைச் செய்கிற பிள்ளை. எட்டு ஐம்பத்திரண்டுக்குச் செய்தாள்.

பன்னிரண்டேகாலுக்கு அதிபர் அழைத்தார். "ஒருக்கா வந்திட்டுப் போறீங்களா? பயப்பட ஒண்டுமில்ல."

பயப்பட ஒன்றுமில்லாவிட்டால் எதற்கு வரச் சொல்ல வேண்டும்? ஸ்கூட்டியை எடுத்தேன். கல்லடிப் பாலத்தின் தொடக்கத்தில் என் மனதுக்குள் யதுஷி மயங்கி விழுந்தாள். நடுப்பாலத்தில் குடல்வால் சத்திரசிகிச்சைக்கு நான் ஒப்பமிட்டேன். பாலம் முடியும்போது அவளைப் பத்தியச் சாப்பாட்டோடு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். பாடசாலை வாசலில் அவள் முழுதாக நிற்பதைக் கண்டபோது வந்த நிம்மதி, அவளுடைய ஒரு பின்னல் அவிழ்ந்து கிடந்ததைக் கண்டதும் போய்விட்டது.

அதிபரின் அறையில் மேற்பார்வையாளர் இருந்தார். ஏறாவூர்ப் பக்கத்து மனிதர், மூக்குக் கண்ணாடி, அமைதியான குரல். மேசையில் வரிசையாக ஒரு கண்காட்சி. என் விபூதித் தாள். யதுஷியின் அடிமட்டம். யதுஷியின் ரிபன். அவளுடைய சாப்பாட்டுப் பெட்டி.

"இருங்க தங்கச்சி" என்றார் மேற்பார்வையாளர். "புள்ளட கையில இந்தத் தாள் இரிந்திச்சு. பாருங்க. கொப்பியடிக்கிற முறை பதினாலு. அதில மூண்டுக்குச் சரி போட்டிரிக்கி. இது திட்டம். நாலாவது அடிமட்டம். பார்த்தன். ஓரமெல்லாம் குழி குழியா அடையாளம்."

"அது நான் கடிக்கிறது" என்றாள் யதுஷி. "பயம் வந்தா கடிப்பன்."

"ஏழாவது ரிபன். அவிழ்த்துப் பார்த்த. ஒண்டுமில்ல. பதினொண்டு இருமல். பின்வரிசையில ஒரு புள்ள காலையில இரிந்து இருமிக்கொண்டே இரிந்தா. கூட்டாளி எண்டு நினைச்சு எண்ணினன். ஆனா ஒரு கேள்விக்கு ஏழு தரம் இருமினா. விடை நாலுதானே இரிக்கி? அதால அந்தப் புள்ளய விட்டுட்டன்." நியாயமான மனிதர். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. "கடைசியில, மாங்காய் எண்டு எழுதியிரிக்கி. புள்ளட பையத் திறந்தன்."

சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து காட்டினார். உப்பும் மிளகாய்த்தூளும் தூவின மாங்காய்க் கீற்று. விடிய நான் வெட்டி வைத்தது. பிள்ளைக்கு நான் பார்த்துப் பார்த்துச் செய்த ஒவ்வொன்றும் சாட்சியாக அந்த மேசைக்கு வந்திருந்தது.

"தாள்ல விஞ்ஞானம் ஒரு எழுத்தும் இல்லையே" என்றார் அதிபர்.

"இல்ல மிஸ். ஆனா மண்டபத்துக்குள்ள இப்பிடி ஒரு தாள் வந்தா நான் காரணம் எழுதத்தான் வேணும். ஒண்டரைக்கு விடைத்தாள் பொதி எடுக்க வாகனம் வரும். அதோட என்ட அறிக்கையும் போகும். புள்ளட இல்லாட்டி யார்ட எண்டு ஆதாரம் வேணும். இல்லாட்டிப் பெறுபேறு நிற்கும்."

பெறுபேறு நிற்கும். பதினொரு வருடப் படிப்பு ஒரு விபூதிப் பொட்டலத்தில். வாசலுக்குப் போய்ச் சேருக்கு அழைப்பு எடுத்தேன்.

"சேர், நாப்பத்துமூண்டு அகப்பட்டிட்டு."

"அப்பிடியா! எங்க தங்கச்சி?" அவ்வளவு சந்தோஷம் அந்தக் குரலில்.

"பரீட்சை மண்டபத்தில. மகள்ட கையில." விஷயத்தை ஒரே மூச்சில் சொன்னேன்.

மழைச் சத்தத்துக்கு மேலால் "வாறன்" என்றார்.

ஒரு மணியாயிற்று. சேர் வரவில்லை. ஒன்று பத்து. யதுஷி அவிழ்ந்த பின்னலைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். இனிப் பொறுக்க முடியாது.

"சேர்" என்றேன் மேற்பார்வையாளரிடம். "அது என்ட தாள். நான்தான் சரி போட்டன். கொப்பியடிச்சது நான். அடிமட்டத்தில எழுதினன். ரிபன்ல எழுதினன். இருமினன். மாங்காயும் குடுத்தன்."

என் வாழ்க்கையின் மிகப் பெரிய உண்மை. யதுஷி வாயைப் பிளந்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன்.

"ரிபன்லயா அம்மா?" என்றாள். "மையா, பென்சிலா?"

மேற்பார்வையாளரோ கவலையோடு தலையாட்டினார். "தாய்மார் புள்ளைக்காக எதையும் சொல்லுவாங்க, தங்கச்சி. நான் பார்த்திரிக்கன். இந்தா, மாங்காய் எண்டு புள்ளய எழுதச் சொல்லிப் பார்த்தன். எழுத்து அப்பிடியே இரிக்கி."

இருக்காதா? அவளுக்குக் கைபிடித்து எழுத்துச் சொல்லிக் கொடுத்ததே நான்தானே! பொய் சொன்ன ஆறு வருடமும் எல்லோரும் நம்பினார்கள். உண்மை சொன்ன அன்று ஒருவரும் நம்பவில்லை.

ஒன்று இருபதுக்குச் சேர் வந்தார். காற்சட்டை முழங்கால் வரை மடிந்திருந்தது. தலை முதல் கால் வரை நனைந்திருந்தார். கக்கத்தில் பொலித்தீனால் சுற்றிய பிஸ்கற் பேணி.

"மன்னிக்கணும். நல்ல மழை. மறுகா பாலத்தடியில சைக்கிள் செயினும் கழண்டு போச்சு. காலையில இருந்து அறுபத்தெட்டு மில்லிமீற்றர்" என்றார். அப்புறம்தான் மேசையைப் பார்த்தார்.

"நாப்பத்துமூண்டு" என்றார் மெதுவாக. வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளையை விமான நிலையத்தில் கண்டதைப் போல.

பேணியைத் திறந்து நாற்பத்திரண்டையும் நாற்பத்து நாலையும் எடுத்து, விடைகளை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, இலக்கத்தை மட்டும் காட்டினார். ஒரே அச்சு, ஒரே தாள், ஒரே பழுப்பு. அதிபர் அந்தப் பேணியைப் பார்த்த பார்வையிலேயே அவருக்கும் அதற்குள் ஓர் இலக்கம் இருப்பது எனக்கு விளங்கியது.

"ஆராய்ச்சித் தாள் எண்டது சரி" என்றார் மேற்பார்வையாளர். "நிரப்பினது யார்? பதிவில பார்த்துப் பேரச் சொல்லுங்க."

"பேர் சொல்ல ஏலா."

"சேர், என்ட பேரச் சொல்லுங்க! நானே சொல்லிட்டன்!" என்று கத்தினேன்.

"நீங்க சொல்லலாம், தங்கச்சி. நான் சொல்ல ஏலா. ஒரு பேர் சொன்னா இருநூறு பேரையும் சொன்ன மாதிரி."

வெளியே வாகனம் ஹோர்ன் அடித்தது. மேற்பார்வையாளர் பெருமூச்சு விட்டு, சிவப்புப் பேனையின் மூடியைக் கழற்றினார். சேர் அந்தப் பேனையைப் பார்த்தார். யதுஷியின் அவிழ்ந்த பின்னலைப் பார்த்தார். ஆறு வருடம் தேடிய தாளைப் பார்த்தார்.

"எழுதாதீங்க" என்றார். "அத நிரப்பினது நான்."



"நீங்களா?" மேற்பார்வையாளர் தாளைக் கண்ணருகே கொண்டுபோனார். "ஏழாவதுக்குச் சரி போட்டிரிக்கி. ரிபன்."

சேர் தன் வழுக்கைத் தலையைத் தடவினார். "அப்ப தலைமயிர் இருந்திச்சு."

மேற்பார்வையாளர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். அதிபர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினார். யதுஷி சிரித்தாள், நான் அழுதேன், வெளி விறாந்தையில் இருமல்காரப் பிள்ளை என்னவென்று தெரியாமலே சிரித்து மறுபடி இருமத் தொடங்கினாள். "ஒரு தாளுக்கு இவ்வளவு பேர் உரிமை கேட்டு நான் பார்த்ததில்ல. இது புள்ளட இல்ல எண்டது மட்டும் நல்லா விளங்குது" என்று சொல்லி, அவர் சிவப்புப் பேனையை மூடினார். நீலப் பேனையால் எழுதினார்: 'விபூதி சுற்றிய பழைய தாள். பாடத்தோடு தொடர்பில்லை.' ரிபனை யதுஷியிடம் நீட்டினார். வாகனம் போயிற்று.

படியில் இறங்கும்போது சேர் மழையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஆராய்ச்சி செய்கிறவரே நிரப்பியதாகச் சொன்ன தாளை இனி எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியாது என்பது எனக்கே தெரியும்.

"சேர், உங்கட இருநூறு?"

"நூற்றித் தொண்ணூற்றொம்பதோட எழுதுவன். கடைசியில ஒரு குறிப்பும் போட வேணும். ஆராய்ச்சியாளரும் ஒரு தரம் இன்னொராள்ர விடையத் தன்ட எண்டு சொன்னவர் எண்டு." பேணியைப் பூட்டி, திறப்பை இடுப்பில் செருகினார். "நாளைக்குக் கணக்குப் பாடம். விபூதிய வாழையிலையில சுத்திக் குடுங்க."

அவர் சைக்கிளைத் திருப்பினார். ஏறப் போனவர், ஏதோ மறந்தவர் போல நின்று திரும்பினார்.

"யார்ர தாள் எண்டு நானும் மறக்கமாட்டன், தங்கச்சி. பேர்தான் சொல்லமாட்டன்."